விளையாட்டிலிருந்து வந்த ஆங்கிலத் தொடர்கள்: எந்த ஆட்டம், யார் கை, எந்தக் கட்டம்?

கேள்வி இதுதான். விளையாட்டுப் பார்க்கும் பழக்கமே இல்லாத ஒருவர் வேலை நிமித்தம் ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவர் 'பால்பார்க் ஃபிகர்' கேட்கிறார், அடுத்த வாரம் 'டச் பேஸ்' பண்ணலாம் என்கிறார், அந்தத் திட்டம் 'ஆன் தி ரோப்ஸ்' என்கிறார். 'நூறு விளையாட்டு இடியம்கள்' வகைப் பட்டியல்களைப் படித்தும் மனத்தில் நிற்கவில்லை. நின்ற ஒன்றிரண்டை எடுத்துவிட்டால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிறது. ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டி வருவது, 'கிக் ஆஃப்' போல) என்றாலோ இன்னும் குழப்பம். இதையெல்லாம் எப்படிப் பிடிப்பது?

பட்டியல் நிற்காததற்கு ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டாம். பட்டியலில் பொருள் இருக்கிறது, ஆட்டம் இல்லை. 'தாக்குப்பிடித்தல்', 'தொடங்குதல்', 'விலகுதல்' என்று எதிரே ஒற்றை வார்த்தை போட்டுவிட்டால் பத்துத் தொடர்கள் ஒரே பள்ளத்தில் போய் விழும். அப்புறம் எதை எங்கே எடுப்பது என்று தெரியாது. ஒரு தொடர் காதில் விழுந்தால் மூன்றே விஷயங்களைப் பாருங்கள்: இது எந்த ஆட்டம், அதைச் செய்கிற ஆள் யார், ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் அது நடக்கிறது. ஆட்டத்தின் விதிகள் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தமிழில் நாம் இதைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். தேர்தல் கோதாவில் குதித்தார், மண்ணைக் கவ்வினார், சாமர்த்தியமாகக் காய் நகர்த்தினார் என்றெல்லாம் மல்யுத்தமும் சதுரங்கமும் தெரியாதவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் பத்து ஓட்டு வித்தியாசத்தில் தோற்றவரை 'மண்ணைக் கவ்வினார்' என்று யாரும் சொல்வதில்லை. குப்புற விழுந்தவன்தான் மண்ணைக் கவ்வுவான் என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். ஆங்கிலத் தொடர்களிலும் அதே அளவு நுணுக்கம் இருக்கிறது. அவற்றின் கோதா நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

குத்துச்சண்டையிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்துக்கு அதிகம் கொடுத்த ஆட்டங்களில் அது ஒன்று. கயிறு கட்டிய சதுர மேடை, உள்ளே இருவர், ஒவ்வொருவருக்கும் ஒரு மூலை, அந்த மூலையில் பயிற்சியாளர். ஒரு சுற்று மூன்று நிமிடம், மணி அடித்தால் முடியும். விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழ வேண்டும். 1867-இல் வெளிவந்த குவீன்ஸ்பெரி விதிகள் தந்த அமைப்பு இது. இப்போது தொடர்களை வரிசையாக வையுங்கள். ஒரு நிறுவனம் 'ஆன் தி ரோப்ஸ்' என்றால் அடி வாங்கிக் கயிற்றில் சாய்ந்து நிற்கிறது. நிற்கிறது என்பதுதான் முக்கியம், இன்னும் மீண்டு வரலாம். 'டவுன் ஃபார் தி கவுன்ட்' என்றால் தரையில் கிடக்கிறது, நடுவர் எண்ணிக்கொண்டிருக்கிறார், எழுவது சந்தேகம். 'த்ரோ இன் தி டவல்' என்றால் எண்ணிக்கையே தேவைப்படவில்லை, தானாகவே தோல்வியை ஒப்புக்கொண்டாகிவிட்டது. துண்டை வீசுவது வீரர் அல்ல, மூலையில் நிற்கும் பயிற்சியாளர். இனி அடி வாங்கினால் ஆள் தாங்கமாட்டான் என்று கணக்குப் போட்டு அவர் வீசுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துண்டுக்குப் பதில் முகம் துடைக்கும் பஞ்சை வீசினார்கள், அதனால் அந்தக் காலத்து எழுத்தில் 'த்ரோ அப் தி ஸ்பஞ்ச்' என்று வரும். ஆகவே போட்டியாளர் வந்து நசுக்கிவிட்ட கடையைப் பற்றி 'டவல்' என்று எழுதினால் பொருந்தாது. முதலாளி கணக்குப் பார்த்து, போதும் என்று ஷட்டரை இறக்கினால்தான் பொருந்தும்.

இதே மேடையில் இன்னொன்றும் வீசப்படுகிறது: தொப்பி. பழைய நாட்களில் சவால் விட விரும்பியவர் கூட்டத்திலிருந்து தன் தொப்பியை 'ரிங்' என்கிற அந்த மேடைக்குள் எறிவார், 'த்ரோ யுவர் ஹேட் இன் தி ரிங்' என்ற தொடர் அதுதான். 1912-இல் தியடோர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபர் தேர்தலில் மறுபடி நிற்பதைத் தன் தொப்பி ரிங்குக்குள் விழுந்துவிட்டது என்றுதான் அறிவித்தார். அன்று முதல் இது அரசியல் செய்தியாளர்களின் செல்லத் தொடர். நம்முடைய 'கோதாவில் குதித்தார்' அச்சு அசலாக இதுதான். தொப்பி விழுந்தால் தொடக்கம், துண்டு விழுந்தால் முடிவு.

பட்டியல்களில் 'தாங்கிக்கொள்ளுதல்' என்று ஒரே பொருள் போட்டிருக்கும் இரண்டு தொடர்களைப் பாருங்கள். 'டேக் இட் ஆன் தி சின்' என்பது வருகிற குத்தை முகவாயில் அசையாமல் வாங்குவது. புலம்பாமல் பழியை ஏற்றுக்கொள்ளும் மேலாளருக்கு அது பொருந்தும். 'ரோல் வித் தி பஞ்சஸ்' நேர் எதிர். குத்து வருகிற திசையிலேயே தலையையும் உடலையும் கொஞ்சம் கொடுத்து வேகத்தைக் குறைப்பது. நிலைமை மாற மாற அதற்கேற்ப வளைந்துகொடுப்பவருக்கு அது. முதலாவதில் இருப்பது வைராக்கியம், இரண்டாவதில் இருப்பது சமயோசிதம். 'புல் நோ பஞ்சஸ்' மூன்றாவது வகை. குத்தைப் பாதியில் இழுத்து வலிக்காமல் விடுவதுதான் 'புல்'. அப்படி எதையும் இழுக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என்று பொருள். இது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'அப் டு ஸ்க்ராட்ச்' என்பதில் குத்துச்சண்டை ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. கையுறை இல்லாமல் அடித்துக்கொண்ட காலத்தில், 1838-இன் லண்டன் விதிகளின்படி, ஒருவர் விழுந்தால் சுற்று முடிந்தது. முப்பது விநாடி ஓய்வு. அதன் பிறகு எட்டு விநாடிக்குள் யார் துணையுமில்லாமல் நடந்து, மேடையின் நடுவில் கீறப்பட்ட கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வர முடியாவிட்டால் தோல்வி. அதனால்தான் வேலை 'நாட் அப் டு ஸ்க்ராட்ச்' என்றால் மோசம் என்பதைவிட, குறைந்தபட்சத் தகுதிக்கே வரவில்லை என்று பொருள். மிகச் சிறப்பான வேலையைப் பாராட்ட இதை எடுக்காதீர்கள். 'சேவ்டு பை தி பெல்' (கடைசி நொடியில் தப்பித்தல்) பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது: உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று பயந்து சவப்பெட்டிக்குள் மணி கட்டினார்களாம், அதிலிருந்து வந்ததாம். கதை சுவையாக இருக்கிறது, ஆனால் தொடர் குத்துச்சண்டை மணியிலிருந்து வந்ததுதான்.

குதிரைப் பந்தயத்துக்கு வருவோம். 'வின் ஹேண்ட்ஸ் டவுன்' என்றால் சுலபமான வெற்றி என்று எல்லோருக்கும் தெரியும். கைகள் ஏன் கீழே? பின்னால் வருபவர்கள் எங்கோ இருக்கிறார்கள், இனி குதிரையை விரட்டத் தேவையில்லை என்று தெரிந்ததும் ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கையைக் கீழே போட்டுவிடுகிறார். ஆக, கடைசி நிமிடம் வரை மூச்சுமுட்டிப் போராடி ஜெயித்த ஆட்டத்துக்கு இது ஒத்துவராது. அதற்கு 'டவுன் டு தி வயர்' இருக்கிறது. அமெரிக்கப் பந்தய ஓடுதளங்களில் முடிவுக் கோட்டுக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருந்தார்கள், அந்தக் கம்பி வரை யார் என்று தெரியவில்லை என்பது படம். 'நெக் அண்ட் நெக்' குதிரைகளின் கழுத்து, அதாவது சரிசமமான போட்டி; 'பை எ நோஸ்' மூக்கு, அதாவது மயிரிழையில் வெற்றி. 'அக்ராஸ் தி போர்ட்' சம்பள உயர்வு எல்லோருக்கும் ஒரே மாதிரி என்கிறார்களே, அதுவும் பந்தயம்தான். ஒரே குதிரையின்மேல் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என மூன்றுக்கும் சம தொகை கட்டுவதற்கு அந்தப் பெயர்.

'டார்க் ஹார்ஸ்' என்பதில் நம் ஆட்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். கறுப்பு என்றதும் கெட்டவன் என்று தோன்றிவிடுகிறது. இங்கே 'டார்க்' என்றால் யாருக்கும் தெரியாதது. எப்படி ஓடும் என்ற தகவலே இல்லாத குதிரை. 1844-இல் யாரும் எதிர்பாராமல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகி, அதிபராகவும் ஆன ஜேம்ஸ் போக் இதற்கு நிரந்தர உதாரணம். பிரிட்டனில் கூடுதலாக ஒரு பொருள் உண்டு. தன் திறமையையோ சொந்த விஷயத்தையோ மூச்சு விடாமல் வைத்திருப்பவரையும் அப்படிச் சொல்வார்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே.

பலவீனமான அணி பலமான அணியை வீழ்த்தினால் 'அப்செட்' என்கிறார்கள். மேன் ஓ வார் என்ற புகழ்பெற்ற குதிரை தன் வாழ்நாளில் ஓடிய 21 பந்தயங்களில் ஒரே ஒருமுறை, 1919-இல் சாரடோகாவில், தோற்றது. தோற்கடித்த குதிரையின் பெயரே அப்செட்! ஆகவே சொல் அங்கிருந்து வந்தது என்று ரொம்பக் காலம் நம்பினார்கள். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பந்தயச் செய்திகளில் அந்தச் சொல் இதே பொருளில் அச்சாகியிருக்கிறது. குதிரைக்குத்தான் பொருத்தமான பெயர் அமைந்துவிட்டது.

இனி அமெரிக்க ஆபீஸ் ஆங்கிலம். கேள்வியில் இருக்கும் தொடர்களில் பெரும்பகுதி பேஸ்பாலிலிருந்து வந்தவை. அந்த ஆட்டம் தெரியாமல் அவற்றைப் படிப்பது வீண் வேலை. சுருக்கமாகச் சொல்கிறேன். வைர வடிவ மைதானத்தின் நான்கு முனைகளில் நான்கு தளங்கள், அவைதான் 'பேஸ்'. மட்டைக்காரர் நிற்கும் முனையில் தரையோடு பதித்த வெள்ளைப் பலகை 'ஹோம் பிளேட்'. பந்து வீசுபவர் 'பிட்சர்'. வீசிய பந்தை மட்டை தவறவிட்டால் அது 'ஸ்ட்ரைக்', மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அடித்தால் தளம் தளமாகக் காலால் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். முழு மைதானமும் 'பால்பார்க்'.

இப்போது ஒவ்வொன்றாக விளங்கும். 'ஸ்டெப் அப் டு தி பிளேட்' என்றால் தன் முறை வந்ததும் ஒதுங்காமல் முன்னால் வந்து நிற்பது, பொறுப்பேற்பது. ஜெயித்தாரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 'பால்பார்க் ஃபிகர்' என்றால் மைதானத்துக்குள் எங்கேயாவது விழுகிற எண், அதாவது உத்தேசத் தொகை. அதற்குப் பைசா சுத்தமாகப் பதில் சொன்னால் கேட்டவருக்கே சங்கடம். 'டச் பேஸ்' என்றால் ஓடுகிற ஓட்டத்தில் தளத்தைத் தொடுவது போலச் சின்னதாக ஒரு தொடர்பு. இரண்டு மணி நேர ஆலோசனைக் கூட்டத்துக்கு அந்தப் பெயர் தகாது. 'கவர் ஆல் தி பேசஸ்' என்பது களத்தில் நிற்பவர்கள் எல்லாத் தளங்களுக்கும் ஆள் வைப்பது, எந்தப் பக்கமும் ஓட்டை இல்லாமல் தயாராவது. 'கர்வ்பால்' கடைசி நேரத்தில் வளையும் பந்து, எதிர்பாராத சிக்கல். 'பிஞ்ச் ஹிட்' என்றால் இன்னொருவருக்குப் பதிலாக இறங்குவது.

'ரெயின் செக்' தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்க ரசிகர்களுக்குக் கொடுத்த சீட்டு அது, 1880-களிலேயே வழக்கத்தில் இருந்தது. இன்று சாப்பிட அழைத்தவரிடம் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால், இப்போது முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பொருள். அந்த இன்னொரு நாள் வராமலும் போகலாம். மரியாதையாக மறுப்பதற்கு இதைவிட வசதியான வழி ஆங்கிலத்தில் குறைவு. யாராவது உங்களிடம் சொன்னால் காலண்டரை எடுத்து நாள் குறிக்கத் தொடங்காதீர்கள்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பால் வைக்கும் கண்ணி 'ஸ்ட்ரைக்'. அடிப்பதுதானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 'ஸ்ட்ரக் அவுட்' என்றால் முயன்று தோற்றுப்போனார். கலிஃபோர்னியா 1994-இல் கொண்டுவந்த 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' சட்டம் மூன்றாவது குற்றத்துக்குக் கடும் சிறைத்தண்டனை விதிப்பதும் இதே கணக்கில்தான். நடுவில் 'ஸ்ட்ரைக் அவுட் ஆன் யுவர் ஓன்' என்று ஒன்று வரும்: வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்குவது. அதற்கும் பேஸ்பாலுக்கும் சம்பந்தமில்லை. புறப்பட்டுப் போவது என்ற பழைய பொருளில் வருகிற வேறொரு 'ஸ்ட்ரைக்'.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது கிரிக்கெட். ஆட்டம் நமக்குத் தெரியும் என்பதே இங்கு ஆபத்து. சிக்ஸர் என்றால் நமக்குக் கொண்டாட்டம். ஆனால் 'தி நியூஸ் நாக்டு மீ ஃபார் சிக்ஸ்' என்று ஒருவர் சொன்னால், அவர் மட்டை இல்லை, பந்து. செய்தி அவரைத் தூக்கி எல்லைக்கு வெளியே அடித்துவிட்டது, ஆடிப்போயிருக்கிறார் என்று பொருள். 1942-இல் எல் அலமெய்ன் போருக்கு முன் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கமரி தன் படைக்கு விடுத்த செய்தியிலும், எதிரியை வட ஆப்பிரிக்காவை விட்டே சிக்ஸருக்குத் தூக்குவோம் என்றுதான் எழுதினார். அங்கேயும் பந்து எதிரிதான். 'போல்டு ஓவர்' இன்னொரு வேடிக்கை: போல்டு ஆனால் அவுட் என்று நினைத்து வருத்தப்படாதீர்கள். ஒன்றின் அழகிலோ அன்பிலோ அசந்துபோனேன் என்று சொல்வதற்குத்தான் அதைப் பெரிதும் எடுக்கிறார்கள்.

'ஸ்டிக்கி விக்கெட்' என்ற தொடரின் வயதைப் பாருங்கள். ஆடுகளத்தை மூடும் வழக்கம் இல்லாத காலத்தில், மழையில் நனைந்த களம் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும், எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. இப்போது களத்தை மூடிவிடுகிறார்கள், ஒட்டும் விக்கெட்டை இன்றைய ஆட்டக்காரர்கள் பார்ப்பதே அரிது. தொடர் மட்டும் சங்கடமான நிலைமைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அமெரிக்கர்களிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் பழைய ஆங்கிலேயப் பிரபுவைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். 'எ குட் இன்னிங்ஸ்' என்பதில் எச்சரிக்கை தேவை. நீண்ட நாள் நிறைவாக வாழ்ந்து மறைந்தவரைப் பற்றி 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள். குடும்பத்தார் தாங்களாகச் சொன்னால் அது ஆறுதல். வெளியாள் போய் துக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் உறுத்தும்.

மட்டையை வைத்தே இரண்டு நாடுகளும் எப்படிப் பிரிகின்றன என்பதற்கு ஒரு ஜோடி. அமெரிக்காவில் 'ரைட் ஆஃப் தி பேட்' என்றால் எடுத்த எடுப்பிலேயே. பிரிட்டனில் 'ஆஃப் யுவர் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் மாற்றிப் போட்டால் வாக்கியமே வேறாகிவிடும். 'பன்ட்' என்ற ஒற்றைச் சொல்லும் இப்படித்தான். பிரிட்டனில் 'டேக் எ பன்ட்' என்றால் துணிந்து பந்தயம் கட்டுவது போல முயன்று பார்ப்பது. அமெரிக்கக் கால்பந்தில் முன்னேற வழியில்லாதபோது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவது 'பன்ட்'. அதனால் அங்கே 'லெட்ஸ் பன்ட் ஆன் திஸ்' என்றால் இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கூட்டத்தில் இரு நாட்டவரும் இருந்தால் ஒருவர் தொடங்கச் சொன்னதாக நினைப்பார், இன்னொருவர் தள்ளிப்போடச் சொன்னதாக நினைப்பார்.

அமெரிக்கக் கால்பந்தில் 'ஹெய்ல் மேரி' மட்டும் பார்த்துவிடலாம். நேரம் முடியப்போகிறது, தோற்றுக்கொண்டிருக்கிறோம், யாராவது பிடித்தால் பிடிக்கட்டும் என்று வெகுதூரம் வீசும் பந்து. கத்தோலிக்க ஜெபத்தின் பெயர் அது. ஏற்கெனவே புழங்கிய தொடர்தான். 1975 டிசம்பர் 28 அன்று டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக் மினசோட்டாவுக்கு எதிராக அப்படி ஒரு பந்தை வீசி ஜெயித்து, கண்ணை மூடி அந்த ஜெபத்தைச் சொன்னதாகக் கூறிய பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது. நன்றாகத் திட்டமிட்ட முயற்சியை 'ஹெய்ல் மேரி' என்றால் திட்டமிட்டவர் கோபித்துக்கொள்வார். மென்பொருள்காரர்கள் தினமும் சொல்லும் 'ஸ்க்ரம்' என்ற குழு வேலைமுறையின் பெயர் ரக்பி ஆட்டத்திலிருந்து வந்தது. 1986-இல் டகேயுச்சி, நொனாகா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள், புதிய பொருளை உருவாக்கும் குழு ரக்பி அணி போல ஒன்றாக நகர வேண்டும் என்று எழுதிய கட்டுரையில் அதன் வேர் இருக்கிறது.

கோல்ஃப் ஒரு விசித்திரம். அந்த ஆட்டத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர், அதனால் 'பார்' எண்ணுக்கு, அதாவது இத்தனை அடியில் முடிக்கலாம் என்று குறித்திருக்கும் எண்ணுக்கு, கீழே போனால் அருமை. ஆனால் உடம்பு 'பிலோ பார்' என்றால் சரியில்லை. காரணம், 'பார்' என்பது சமம் என்ற லத்தீன் சொல். பங்கு, நாணயம் இவற்றின் மதிப்பைச் சொல்ல அது கோல்ஃபுக்கு முன்பே புழங்கியது, அந்தத் தொடர் அந்த வழியில் வந்தது. 'பார் ஃபார் தி கோர்ஸ்' நிஜமாகவே கோல்ஃப். ஆனால் அதைப் பெரும்பாலும் சலிப்போடுதான் சொல்வார்கள்: ரயில் தாமதமா, அது வழக்கம்தானே என்கிற தொனி. மூன்று ஆட்டங்கள் ஒரே படத்தைத் தந்திருப்பதும் உண்டு. வழியில் இன்னொரு பந்து குறுக்கே நிற்கிறது, நேராக அடிக்க முடியவில்லை. கோல்ஃப் இதை 'ஸ்டைமி' என்றது, ஸ்னூக்கர் 'ஸ்னூக்கர்டு' என்றது, அமெரிக்கப் பூல் மேஜை 'பிஹைன்ட் தி எய்ட் பால்' என்றது. கோல்ஃப் 1952-இல் அந்த விதியையே எடுத்துவிட்டது. இருந்தும் முட்டுக்கட்டை விழுந்த பேச்சுவார்த்தையைப் பத்திரிகைகள் இன்றும் 'ஸ்டைமிடு' என்றுதான் எழுதுகின்றன.

ஓட்டப் பந்தயத்தில் இரண்டை மட்டும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'குயிக் ஆஃப் தி மார்க்' பாராட்டு, வெடிச்சத்தம் கேட்ட நொடியில் கிளம்பியவர். 'ஜம்ப் தி கன்' குறை, சத்தத்துக்கு முன்பே கிளம்பியவர். அதிகாரபூர்வ அறிவிப்புக்கு முன் செய்தியை வெளியிட்டவருக்கு இரண்டாவது. 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்' என்பதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது பைபிளின் மலைப் பிரசங்கத்திலிருந்து வந்தது, ஓட்டப் பந்தயம் அல்ல.

சரி, ஃப்ரேசல் வெர்ப். இங்கே கவனிக்க வேண்டியது பின்னால் ஒட்டும் குட்டிச் சொல்லை. களத்தில் உடல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதுதான் சொல்கிறது. 'ஆஃப்' என்றால் இருந்த இடத்தைவிட்டுக் கிளம்புவது: 'கிக் ஆஃப்' உதைத்துத் தொடங்குவது, 'டீ ஆஃப்' கோல்ஃபில் முதல் அடி. ('டீட் ஆஃப்' என்று அமெரிக்கர் சொன்னால் எரிச்சலில் இருக்கிறார்.) 'அப்' என்றால் தயாராகி எழுவது: 'வார்ம் அப்', 'டீ அப்', 'ஸ்டெப் அப்'. 'டீ அப்' செய்பவர் பந்தை முளையில் வைத்துத் தருகிறார், அடிப்பது இன்னொருவராகவும் இருக்கலாம். அதனால் அடுத்தவர் பேசுவதற்கு வாகாக விஷயத்தை எடுத்துக்கொடுப்பதற்கு அது நல்ல சொல். 'வெய் இன்' ஜாக்கிகளும் குத்துச்சண்டைக்காரர்களும் எடை பார்த்துக்கொள்வது. அதிலிருந்து, நடந்துகொண்டிருக்கும் விவாதத்தில் தன் கருத்தையும் வைப்பது. ஒன்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு 'வெய் அப்'. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் ஏராளம்.

'அவுட்' குடும்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் தமிழில் எல்லாவற்றுக்கும் 'விலகினார்', 'வெளியேறினார்' என்று போட்டுவிடுகிறோம். காயம்பட்டு, போட்டி தொடங்குமுன்போ நடுவிலோ தானே முடிவெடுத்து விலகினால் 'புல் அவுட்'. ஓடிக்கொண்டே இருந்தவர் தாக்குப்பிடிக்காமல் நின்றுவிட்டால் 'டிராப் அவுட்', படிப்பைப் பாதியில் விடுவதற்கும் இதுதான். இந்த ஒரு ஆட்டம் மட்டும் வெளியே உட்கார்ந்துவிட்டு அடுத்ததில் வருவேன் என்றால் 'சிட் அவுட்'. கௌரவமாகத் தலைவணங்கி ஒதுங்கினால் 'பௌ அவுட்', ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பொருந்தும். எதிராளி வெளியே அனுப்பினால் 'நாக் அவுட்'. எதிர்பார்த்ததற்கு மாறாக மோசமாகத் தோற்று வெளியேறினால் 'கிராஷ் அவுட்', இது பிரிட்டிஷ் விளையாட்டுப் பக்கங்களின் தலைப்புச் சொல். ஒரு நிறுவனம் ஏலத்திலிருந்து 'புல் அவுட்' ஆனது என்பதற்கும் 'பௌ அவுட்' ஆனது என்பதற்கும் இடையில், எழுதிய நிருபர் அந்த நிறுவனத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும்.

உச்சரிப்பில் ஒரு விஷயம். வினையாக வரும்போது அழுத்தம் குட்டிச் சொல்மேல் விழும், பெயர்ச்சொல்லாக ஒட்டி வரும்போது முன்பகுதியில் விழும். 'ஐ வொர்க் அவுட்' என்பதில் 'அவுட்' ஓங்கி ஒலிக்கும், 'எ வொர்க்அவுட்' என்பதில் 'வொர்க்' ஓங்கும். நாக்அவுட், கிக்ஆஃப், வார்ம்அப் எல்லாம் இதே வழி. 'அவனை' போன்ற சிறு சொல் செயப்படுபொருளாக வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'நாக்டு ஹிம் அவுட்' சரி, 'நாக்டு அவுட் ஹிம்' தப்பு.

பயன்படுத்துவதைப் பற்றி என் கருத்து: நிறையப் புரிந்துகொள்ளுங்கள், கொஞ்சமாக எடுத்து விடுங்கள். 'டச் பேஸ்', 'லெவல் பிளேயிங் ஃபீல்டு' (எல்லோருக்கும் சம வாய்ப்பு), 'மூவ் தி கோல்போஸ்ட்ஸ்' (நடுவில் விதியை மாற்றுவது) போன்றவை ஆபீஸ்களில் தேய்ந்துபோனவை. சொல்பவருக்குச் சுகமாக இருக்கும், கேட்பவருக்குச் சலிப்பு. அதிலும் இரண்டு ஆட்டங்களை ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் கதை கந்தல். 'பந்து உங்கள் கோர்ட்டில், ஆகவே பிளேட்டுக்கு வாருங்கள்' என்றால் டென்னிஸ் ஆடுகிறவரை மட்டையோடு பேஸ்பால் களத்துக்கு இழுப்பதாகிறது. பழக வேண்டும் என்றால் இன்னும் ஒரு பட்டியல் தேடாதீர்கள். ஒரு ஆட்டத்தின் ஹைலைட்ஸைப் பத்து நிமிடம் பாருங்கள், அதன் செய்தியறிக்கையைப் படியுங்கள், அப்புறம் அதே நாளிதழின் வணிகப் பக்கத்தைத் திறங்கள். அங்கே அதே வினைச்சொற்கள் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும். பல நாட்டவருக்குப் போகிற மின்னஞ்சலில், ஒப்பந்தத்தில், ஆட்குறைப்பு அறிவிப்பில் இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. 'பால்பார்க் ஃபிகர்' என்பதற்கு 'ரஃப் எஸ்டிமேட்' என்று எழுதினால் எல்லா நாட்டிலும் புரியும். 'பன்ட்' என்பதற்குத் தள்ளிவைக்கிறோமா, முயன்று பார்க்கிறோமா என்பதை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.